செயப்படுபொருள் இல்லாத வாக்கியம்: ஒரு நறுமண விளம்பரம்

மணத்தைப் படத்தில் காட்ட இயலாது. எனவே நறுமணப் பொருள் விளம்பரங்கள் உருவத்தையும் சொல்லையும் அதன் பதிலியாக்குகின்றன. பிரான்சின் டியோர் நிறுவனம் 1999இல் வெளியிட்ட ‘ஜாடோர்’ இதற்குச் சான்றாகும். இப்பெயர் தன்மை ஒருமை எழுவாயும் வினையும் மட்டுமே கொண்ட பிரெஞ்சு வாக்கியம், செயப்படுபொருள் இல்லை. அவ்விடத்தைப் படம் நிரப்புகிறது. சார்லிஸ் தெரன் நடித்த விளம்பரங்களில் அவரது பொன்னிற ஆடையும் புட்டியின் கழுத்திலுள்ள பொன்வளையங்களும் நிறத்தால் ஒன்றுகின்றன. விரும்பப்படுவது மணமா, பெண்ணா என்பது வரையறுக்கப்படுவதில்லை.

தமிழில் ‘ஆராதிக்கிறேன்’ என்றால், பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் தேய்ந்துவிட்ட வழிபாட்டுப் பொருள் மேலெழும். ‘எனக்கு மிகவும் பிடிக்கும்’ என்றால், ‘நான்’ நான்காம் வேற்றுமை ஏற்கும். எதைத் தேர்ந்தாலும், விரும்பப்படுவதன் பெயரை மொழிபெயர்ப்பாளர் சேர்த்தலாகாது. சேர்த்தால் படத்துக்கு வேலை இராது.