டென்ஷனா? இதையெல்லாம் அடக்காதீர்கள்!

"காலையில பத்து மணிக்கு நின்னா, ராத்திரி ஒன்பதரை வரைக்கும் நிக்கணும் டாக்டர். தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், சூப்பர்வைசர் முறைப்பார். அதனால குடிக்கிறதே இல்லை!"

ஜவுளிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. கூடவே தலைவலி, நெஞ்செரிச்சல், தூக்கமின்மை. வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது.

சித்த மருத்துவம், அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கண்ணீர் எல்லாம் அதில் உண்டு. வேலைப்பளு ஏறும்போது நாம் முதலில் அடக்குவது இவற்றைத்தானே! அப்புறம் உடம்பு கெடும்; மனசும் கெடும்.

என்ன செய்யலாம்?

* மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது சிறுநீர் கழித்துவிடுங்கள். அடக்கினால் நீர்க்கடுப்பு, கிருமித் தொற்று வரலாம்.

* தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். மதியம் சீரகம் போட்ட மோர் நல்லது.

* பசித்தால் டீ குடித்துச் சமாளிக்காதீர்கள். இரண்டு வாழைப்பழம் போதும்.

* இரவு, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கால்களை வையுங்கள்.

* அழுகை வந்தால், நம்பிக்கையானவரிடம் சொல்லி அழுதுவிடுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லையா? டாக்டரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் சட்டத் திருத்தமே கொண்டுவந்துவிட்டது. ஒரு ஸ்டூலுக்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?