உங்களுக்குத் தெரியுமா? காசில் இருந்த ஹார்ப் கைக்கு வந்த கதை

ஐரிஷ் ஹார்ப்பின் படம் உலகத்துக்கே தெரியும். அதை வாசிக்கும் கலைதான் ஒரு கட்டத்தில் கைநழுவிப் போகப் பார்த்தது. படத்தையும் வாசிப்பையும் பற்றிக் கொஞ்சம் துணுக்குகள்:

● ஓர் இசைக்கருவியைத் தேசியச் சின்னமாக வைத்திருக்கும் ஒரே நாடு அயர்லாந்து. நீலப் பின்னணி, பொன்னிற ஹார்ப், வெள்ளித் தந்திகள். 1530களில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி அயர்லாந்துக்காக அடித்த வெள்ளிக் காசிலேயே ஹார்ப் ஏறிவிட்டது. இன்று அந்நாடு வெளியிடும் யூரோ நாணயம் ஒவ்வொன்றிலும் அதுதான் இருக்கிறது.

● கின்னஸ் பீர் நிறுவனம் 1876இல் ஹார்ப்பைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்துகொண்டது. 1922இல் சுதந்திர அரசு உருவாகி அதே ஹார்ப்பை எடுத்தபோது, படத்தைத் திருப்பிப் போட வேண்டியதாயிற்று. கின்னஸ் ஹார்ப்பின் நேரான பக்கம் இடப்புறம்; அரசாங்க ஹார்ப்புக்கு வலப்புறம். பாட்டிலையும் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

● இரண்டு படத்துக்கும் மூலம் ஒன்றே: டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் ‘பிரையன் போரு ஹார்ப்’. பிரையன் போரு என்ற அரசர் 1014இல் போரில் இறந்தவர். ஹார்ப்போ 14 அல்லது 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அரசர் அதைப் பார்த்திருக்கவே முடியாது! 1969இல் அது திருடு போய், பிறகு மீட்கப்பட்டது.

● பழைய ஐரிஷ் ஹார்ப்புக்குப் பித்தளைக் கம்பிதான் தந்தி. விரல் நகத்தை நீளமாக வளர்த்து, அதனால் மீட்டுவார்கள். ஒலிப்பெட்டியை ஒரே வில்லோ மரத்துண்டில் குடைந்து எடுத்திருப்பார்கள். ஒலி மணியோசைபோல் நீண்டு நிற்கும்.

● அந்த நீண்ட ஒலியே தலைவலியும்கூட. ஒரு ஸ்வரம் அடங்குமுன் அடுத்தது வந்தால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே எந்தத் தந்தியை மீட்டுவது என்பது பாதி வித்தைதான். எந்தத் தந்தியை எந்த விரலால், எந்தக் கணத்தில் தொட்டு அடக்குவது என்பது மீதி.

● பழைய கலைஞர்கள் ஹார்ப்பை இடது தோளில் சாய்த்து, இடக்கையால் மேல்ஸ்தாயியும் வலக்கையால் கீழ்ஸ்தாயியும் வாசித்தார்கள். இன்றைய கலைஞர்கள் வலது தோளில் சாய்க்கிறார்கள். கைகளின் வேலையும் அப்படியே மாறிவிட்டது.

● பழைய ஹார்ப்பில் சுருதி சேர்ப்பதற்கென்று, தந்தி வரிசையின் நடுவில் இரண்டு தந்திகள் ஒரே ஸ்வரத்தில் இருக்கும். அவற்றைச் ‘சகோதரிகள்’ என்பார்கள். அவர்கள் ஒத்துப்போன பிறகுதான் மற்ற தந்திகளுக்கு முறை வரும்.

● ஐரிஷ் ஹார்ப் என்றாலே முதலில் வரும் பெயர் டர்லோ ஓகாரலன் (1670–1738). பதினெட்டு வயதில் அம்மை நோயால் பார்வை போயிற்று. மக்டர்மட் ரோ குடும்பத்து அம்மையார் ஹார்ப் கற்க ஏற்பாடு செய்து, ஒரு குதிரையும் வழித்துணைக்கு ஆளும் கொடுத்து அனுப்பினார். ஊர் ஊராகப் போய், விருந்து கொடுத்த வீட்டுக்காரர் பெயரிலேயே மெட்டுப் போடுவார். இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் அவர் பெயரில் உள்ளன. அயர்லாந்தின் பழைய 50 பவுண்டு நோட்டில் அவர் படமே இருந்தது.

● அந்தக் காலத்தில் ஹார்ப் கலைஞர்களில் பலர் பார்வையற்றவர்கள். அம்மையில் கண் இழந்த பிள்ளைகளுக்குப் பிழைக்க ஒரு தொழில் வேண்டும் என்று ஹார்ப் கற்றுக்கொடுத்தார்கள். ஏட்டைப் பார்த்து வாசிக்கும் பேச்சே இல்லை. எல்லாம் செவிவழிப் பாடம்.

● ஓகாரலன் இறந்து அரை நூற்றாண்டு ஆவதற்குள் கலை தேய்ந்துவிட்டது. 1792 ஜூலையில் பெல்ஃபாஸ்ட்டில் ஹார்ப் விழா நடத்தி நாடெங்கும் விளம்பரம் செய்தார்கள். வந்து சேர்ந்த ஐரிஷ் கலைஞர்கள் பத்தே பேர். அதில் ஆறு பேருக்குப் பார்வை இல்லை. ஒரே பெண் ரோஸ் மூனி. மிக இளையவர் 15 வயதுப் பையன். மூத்தவர் டெனிஸ் ஹெம்ப்சன், வயது 97!

● பத்துப் பேரில் பழைய முறைப்படி நகத்தால் வாசித்தவர் ஹெம்ப்சன் மட்டுமே. தந்தியைச் சதைக்கும் நகத்துக்கும் இடையே பிடித்து விடுவார். ஓகாரலனின் மெட்டுகள்கூட அவருக்குப் புதுமோகமாகத் தெரிந்தன. அவற்றுக்கும் பழையவற்றையே விரும்பினார். 1702இல் செய்த அவருடைய ஹார்ப் இன்று கின்னஸ் நிறுவனத்திடம் இருக்கிறது.

● விழாவில் வாசிப்பதை ஸ்வரக் குறிப்பாக எழுத அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பன்டிங். வயது 19, ஆர்கன் வாசிப்பவர். விழா முடிந்தும் அவர் விடவில்லை. ஊர் ஊராக அலைந்து சேகரித்து 1796, 1809, 1840 என மூன்று தொகுப்புகள் போட்டார். பியானோவுக்கு ஏற்றபடி மெட்டுகளை மாற்றியிருந்தாலும், பழைய வாசிப்புக்கு இன்று நமக்கிருக்கும் பெரிய சாட்சி அவர்தான். அவர் கைப்பட எழுதிய ஏடுகள் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக உள்ளன.

● அதே விழாவுக்கு வந்திருந்தார் புரட்சித் தலைவர் வுல்ஃப் டோன். அவருடைய இயக்கமான ‘ஐக்கிய ஐரிஷ்மென்’ அமைப்பின் முத்திரையே ஹார்ப்தான். ஆனால் நாட்குறிப்பில் அவர் எழுதியது: ஏழு பேர் படுமோசம், மூன்று பேர் நன்று, நல்ல மெட்டெல்லாம் ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்டது! சின்னம் பிடிப்பது வேறு, சங்கீதம் பிடிப்பது வேறு போலும்.

● இன்றைய ஐரிஷ் ஹார்ப்பின் தாத்தா, டப்ளின்காரர் ஜான் ஈகன் 1819 வாக்கில் செய்த கையடக்க ஹார்ப். பித்தளைக்குப் பதில் நரம்புத் தந்தி. நகத்துக்குப் பதில் விரல்நுனி. இப்போது நைலான் தந்திகளும் உண்டு. பரவலாக இருப்பது 34 தந்தி ஹார்ப்.

● வீணையில் ஒரே தந்தியில் பல ஸ்வரங்கள் பிடிக்கலாம். ஹார்ப்பில் ஒரு தந்திக்கு ஒரே ஸ்வரம். அரை ஸ்வரம் ஏற்ற, தந்தியின் தலைப்பில் இருக்கும் குட்டி லீவரைத் தூக்க வேண்டும். வாசிப்பின் நடுவே இடக்கை சட்டென்று தாவி லீவரைத் தட்டிவிட்டுத் திரும்புவதைக் கச்சேரியில் பார்க்கலாம்.

● இத்தனை தந்திகளில் எது எது என்று எப்படித் தெரியும்? ‘சி’ தந்திகள் சிவப்பு. ‘எஃப்’ தந்திகள் கறுப்பு அல்லது நீலம். இந்த இரண்டையும் வைத்தே மற்றவற்றைக் கண்டுகொள்வார்கள். சுண்டுவிரலுக்கு மட்டும் வேலையே கிடையாது. கைக்கு நான்கு விரல்தான்.

● 2019இல் ஐரிஷ் ஹார்ப் வாசிப்பை யுனெஸ்கோ மானுடத்தின் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

● ஜிக், ரீல் போன்ற துள்ளல் நடன மெட்டுகள் ஃபிடிலுக்கும் பைப்புக்கும் உரியவை. ஹார்ப் மாளிகைச் சங்கீதம். ஒரே தந்தியை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டினால் கரகரவென்று இரையும். 1970களில் கார்க் மாவட்டத்தைச் சேர்ந்த மாய்ரா நீ ஹஹஸி, ஒரே தந்தியை விரல் மாற்றி மாற்றித் தொட்டு, பைப்பின் அலங்காரங்களை ஹார்ப்புக்குக் கொண்டுவர வழி கண்டார். 2001இல் டிஜி4 தொலைக்காட்சியின் ஆண்டின் சிறந்த மரபிசைக் கலைஞர் விருதை வென்ற முதல் ஹார்ப் கலைஞரும் அவரே. ஆக, இன்று மேடையில் ‘பாரம்பரியம்’ என்று கைதட்டல் வாங்கும் ஹார்ப் ரீலுக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான்!