பாறைப் பொந்தில் ஒரு கேமரா

நேயர்களே, பாறுக் கழுகு தன் குஞ்சுக்கு என்ன ஊட்டும்? இறைச்சி என்றுதானே சொல்வீர்கள்? அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் பாட்டில் மூடியும் கண்ணாடிச் சில்லும்கூட ஊட்டிவிடுகிறது!

கலிபோர்னியா கான்டர் என்ற அந்தப் பறவை சிறகை விரித்தால் ஒன்பது அடி இருக்கும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டைதான். அதையும் செங்குத்துப் பாறையின் பொந்தில் இடும். நாம் போட்டுவிட்டு வரும் குப்பையை எலும்புத் துண்டு என்று நினைத்து, தாயும் தகப்பனும் ஆசையாகக் கொண்டுவந்து ஊட்டுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அது வயிற்றை அடைத்துக் குஞ்சுகள் செத்தே போயிருக்கின்றன. எவ்வளவு கொடுமை, பாருங்கள்!

பக்கத்தில் போய் நின்றால் பறவை மிரண்டுவிடும். அதனால் பொந்துக்கு அருகே கேமரா வைத்து, தொலைவில் இருந்தே கண்காணிக்கிறார்கள். தாய் வந்ததா, குஞ்சு தின்றதா, சோர்ந்து கிடக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும். ஆபத்து என்றால் கயிறு கட்டி இறங்கிப் போய்க் குஞ்சைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சையும் செய்கிறார்கள்.

1982-இல் உலகத்திலேயே மிஞ்சியிருந்தவை வெறும் 22 கான்டர்கள். இன்று நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. 2015-இல் இருந்து இந்தக் கூட்டுக் காட்சிகள் இணையத்தில் நேரலையாகவும் வந்திருக்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து அவசியம் பாருங்கள், நேயர்களே!