வேலியில் போன ஓணான்

தீவுகளின் கணக்கு – 7

கத்திரி வெயில். முத்தியால்பேட்டை வீட்டு மதில் மேல் ஒரு ஓணான், கழுத்து பழுத்த மிளகாய்ச் சிவப்பில், முன்கால்களை ஊன்றி தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. ரீயூனியனிலிருந்து லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகன் அதைக் கண்டு துள்ளினான். "சித்தப்பா, எங்க ஊர் கமெலெயோன் இங்கயும் வந்துடுச்சா?"

அண்ணன் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஓய்வு பெற்று அந்தத் தீவிலேயே தங்கிவிட்டவர். பையனுக்கு விவரம் தெரிந்த நாளாக ஓணான் அங்கே இருக்கிறது. "வந்தது அங்கதான்டா. இது இந்த ஊர்க்காரன்" என்றேன். 1802-இல் இந்த ஓணானுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் தொதேன் என்ற பிரெஞ்சுக்காரர். அதன் மூல ஊராக விலங்கியல் நூல்கள் குறிப்பதோ நம் புதுச்சேரியை.

போன வாரம் கலாபகோஸ் வரை போய் வந்தோம். இந்த வாரம் நம் ஊருக்கு ரத்த உறவுள்ள தீவுகள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தட்டுப்பாடு வந்தது. அப்போது புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்தவர்கள் இன்றும் ரீயூனியனில் 'மல்பார்' என்று அழைக்கப்படுகிறார்கள்.

ரீயூனியனும் மொரீஷியசும் எரிமலைக் குழம்பு கடலடியிலிருந்து கட்டி எழுப்பிய தீவுகள். வயது ஒரு கோடி ஆண்டுகூட ஆகவில்லை; எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிருந்ததே இல்லை. அங்கே குடியேறிய எதுவும் பறந்தோ மிதந்தோதான் வந்தாக வேண்டும். தவளைக்கு அது லேசில் ஆகாத காரியம். அதன் தோல் நீரைத் தடுக்காது. உப்புநீரில் விழுந்தால் உடம்பிலுள்ள நீரை இழந்தே செத்துவிடும். பாகூர் ஏரிக்கரையில் ஐப்பசி மழையில் தூங்கிப் பழகியவர்கள் நம்ப மாட்டார்கள்: மனிதன் கொண்டுபோய் விடும்வரை அந்த இரு தீவுகளிலும் தவளைச் சத்தமே கிடையாது.

வடக்கே செஷெல்ஸ் தீவுகளில் மட்டும் கதை வேறு. அந்தக் கருங்கல் தீவுகள் இந்தியாவோடு ஒட்டியிருந்து, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த துண்டு. அங்குள்ள ஆதித் தவளைகள் கடல் கடக்கவில்லை. நிலம்தான் அவற்றைச் சுமந்துகொண்டு விலகியது. அங்குள்ள கார்டினர் தவளை இரண்டு அரிசியை நீளவாக்கில் வைத்த அளவுதான், சுமார் 11 மில்லிமீட்டர். தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வரும். நடுச்செவியும் இல்லை. ஒலியை அது வாய்க்குழி வழியாக வாங்கிக் கேட்கிறது என்று 2013-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டார்கள். இதன் நெருங்கிய தாயாதி எங்கே இருக்கிறது தெரியுமா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையில், வருடத்தின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கிடக்கும் ஊதாத் தவளை. இடுக்கியில் கிடைத்ததற்கு 2003-இல் பெயரிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கிடைத்த இன்னொன்றுக்கு 2017-இல்.

ஊர்வனவற்றின் தோலோ செதில் போர்த்தது; நீரை லேசில் விடாது. பட்டினியும் தாங்கும். 2004 டிசம்பரில் தான்சானியக் கரையில் ஒரு ராட்சத ஆமை ஏறி வந்தது. கால்களில் கொட்டலசுகள் ஒட்டி வளர்ந்திருந்தன. அல்டாப்ரா தீவிலிருந்து 700 கிலோமீட்டருக்கு மேல் மிதந்து வந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். மொரீஷியஸ் பக்கத்துத் தீவுகளுக்கும் ஆமைகளின் மூதாதைகள் இப்படித்தான் போய்ச் சேர்ந்தன.

சேர்ந்த இடத்தில் அவற்றைக் கடிக்க ஒரு விலங்கும் இல்லை. கனத்த ஓட்டைச் சுமந்து என்ன பயன்? தலைமுறை தலைமுறையாக ஓட்டெலும்பு மெலிந்தது. ரொட்ரிகஸ் தீவில் ஓட்டின் முன்பக்கம் சேணம்போல் மேலெழும்ப, நீண்ட கழுத்து உயரத்து இலையை எட்டியது. ரீயூனியன், மொரீஷியஸ், ரொட்ரிகஸ் மூன்றிலும் சேர்த்து ஐந்து இனங்கள். 1691-இல் ரொட்ரிகசில் இறங்கிய பிரெஞ்சு அகதி லெகா, தரையில் கால் படாமல் ஆமை முதுகுகள் மேலேயே நூறு அடி வைக்கலாம் என்று எழுதினார்.

இந்தத் தீவுகள் வழியாகத்தான் புதுச்சேரிக்குக் கப்பல்கள் வந்து போயின. 1746-இல் சென்னையைப் பிடித்த லபூர்தொனே மொரீஷியசின் ஆளுநர். அவர் காலத்தில் ரொட்ரிகஸ் ஆமைகள் அங்கே கப்பல் கப்பலாக வந்து இறங்கின. தீனியில்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் இறைச்சி! எந்தப் பட்டினி தாங்கும் உடம்பு ஆமையைக் கடல் கடத்திக் கரை சேர்த்ததோ, அதுவே கப்பல்காரனுக்கு வசதியாகப் போயிற்று. மிச்சத்தைப் பன்றியும் எலியும் பார்த்துக்கொண்டன: முட்டை, குஞ்சு என்று ஒன்று விடாமல். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐந்து இனங்களும் போய்விட்டன.

பிறகு ஓணான். 1865 வாக்கில் ஜாவாவிலிருந்து ரீயூனியனுக்குப் போன கரும்புக் கரணைகளுக்குள் நம் மதில்காரனின் பங்காளி ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதை, சொல்லுக்குச் சொல் நடந்தது. பூச்சி மட்டுமல்ல, சின்னப் பல்லியும் அதற்கு இரை. அந்தத் தீவின் தென்கரையில் ஒரு குறுகிய பட்டையில் மட்டும் வாழும் மனப்பானி பச்சைப் பல்லி, இப்படி வந்தேறிய பிராணிகளுக்கு நடுவே இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

"அப்போ இதைப் பார்த்தா கொல்லணுமா, சித்தப்பா?" என்றான் பையன். பதில் சொல்வதற்குள் பூவரச மரத்தில் ஒரு செம்போத்து வந்து உட்கார்ந்தது. தண்டால் நின்றது. கழுத்துச் சிவப்பு சட்டென வெளிறியது. மதிலின் மறுபக்கம் சரசரவென்று ஒரு சத்தம், ஓணானைக் காணோம். அவன் ஊர் ஓணான் இத்தனை அவசரமாக ஓடி அவன் பார்த்ததில்லையாம்.

(அடுத்த வாரம்: அந்தமான். புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து 2016-இல் பெயரிட்ட குட்டித் தேரைக்கு, அந்தமான் பழங்குடிகளின் சொல்லான 'பெர்யெட்' வந்து சேர்ந்த கதை.)