ஆப்பிரிக்க உணவுக்குழாய்ப் புற்றுநோய் மண்டலம்

ஆப்பிரிக்க உணவுக்குழாய்ப் புற்றுநோய் மண்டலம் என்பது எத்தியோப்பியாவில் தொடங்கி, கென்யா, தான்சானியா, மலாவி வழியாகத் தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணம் வரை நீளும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்த நிலப்பகுதி ஆகும். இந்நோய் வீதம் உலகிலேயே மிக உயர்ந்த நாடுகளுள் மலாவியும் ஒன்று. மாறாக, மேற்கு ஆப்பிரிக்காவில் இந்நோய் குறைவாகவே பதிவாகிறது.

இயல்புகள்

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரு முதன்மை வகைகள் உள்ளன. அமில எதுக்களிப்பு, உடற்பருமன் ஆகியவற்றுடன் தொடர்புடைய சுரப்பிப் புற்றுநோய் மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மிகுதி. ஆப்பிரிக்க மண்டலத்தில் பெரும்பான்மையாகக் காணப்படுவது, குழாயின் உட்புறத் தட்டை உயிரணுக்களில் தோன்றும் செதிளுயிரணுப் புற்றுநோய் ஆகும்.

இந்நோய் பொதுவாக முதியோரைத் தாக்குவது. ஆயினும் மேற்குக் கென்யாவில் 30 வயதிற்குட்பட்ட நோயாளிகளும் பதிவாகியுள்ளனர். மண்டலத்தின் சில நாடுகளில் புகைபிடிக்கும் பெண்கள் மிகச் சிலரே எனினும், ஆண், பெண் நோயாளிகளின் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இல்லை. எனவே புகையிலையும் மதுவும் மட்டுமே இந்நோய்ப் பரவலை விளக்கப் போதா.

ஆராயப்படும் காரணிகள்

• சூடான பானங்கள்: 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைப் பருகுவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016 இல் வகைப்படுத்தியது. கிளிமஞ்சாரோ பகுதியில் பால் கலந்த தேநீரைப் பலர் இதனினும் மிகுந்த சூட்டில் பருகுகின்றனர்.
• பூஞ்சை நச்சு: மக்காச்சோளத்தில் வளரும் பூஞ்சையின் நச்சான பியூமோனிசின் 1988 இல் தென்னாப்பிரிக்காவில் கண்டறியப்பட்டது. மனிதரில் இதன் பங்கு உறுதிப்படுத்தப்படவில்லை.
• பிற: விறகடுப்புப் புகை, வாய்நலக் குறைவு, பழம் காய்கறி குறைந்த உணவு, மரபுக்கூறுகள்.

கென்யா, மலாவி, தான்சானியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் 552 நோயாளிகளது புற்றுத் திசுக்களை ஆராய்ந்த மரபணு ஆய்வு 2021 இல் வெளியானது. நோய் மிகுந்த நாடுகளையும் குறைந்த நாடுகளையும் பிரித்துக்காட்டும் தனித்த மரபணு மாற்றத் தடம் எதுவும் அதில் கிடைக்கவில்லை.

கண்டறிதலும் சிகிச்சையும்

உணவுக்குழாய் விரிந்து கொடுக்கும் தசைக்குழாய் ஆதலால், அது பெரிதும் குறுகிய பின்னரே விழுங்குவதில் இடர் தோன்றும். முதலில் திட உணவும், பின்னர் நீர்ம உணவும் இறங்காமல் போகும், உடல் மெலியும். அகநோக்கிக் கருவி தொலைவிலுள்ள நகர மருத்துவமனைகளிலேயே கிடைப்பதால் நோயறிதல் மேலும் தாமதமாகிறது.

தொடக்க நிலையில் அறுவை, கதிர்வீச்சு, வேதிச்சிகிச்சை ஆகியவை பயன்தரும். முற்றிய நிலையில், தானே விரியும் உலோக வலைக்குழாய் உள்ளே பொருத்தப்படுகிறது. இது புற்றைக் குணப்படுத்தாது. எனினும் நோயாளி மீண்டும் வாய்வழி உண்ண வழிசெய்கிறது.