நாய் ஏன் ஏழு மாதம் காத்திருக்க வேண்டும்?

அப்பாவுக்கு டோக்கியோவில் வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு புறப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உங்களுடைய பாஸ்போர்ட், விசா எல்லாம் அதற்குள் வந்துவிடும். உங்கள் வீட்டு நாய்? அதற்குச் சாதாரணமாக ஏழு மாதங்களுக்கு மேல் வேண்டும்! நாயை விட்டுவிட்டுப் போவதா, பயணத்தையே தள்ளிப்போடுவதா என்று பல குடும்பங்கள் தவிப்பது இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரியாததால்தான்.

ஏன் இவ்வளவு காலம்? எல்லாம் வெறிநோய் படுத்தும் பாடு. ஜப்பான் 1950-இல் வெறிநோய்த் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. நாய்களைப் பதிவு செய்து தடுப்பூசி போட்டார்கள், தெருநாய்களைப் பிடித்தார்கள். 1957-க்குப் பிறகு அந்த நாட்டு விலங்குகளிடம் வெறிநோய் காணப்படவில்லை. சுற்றிலும் கடல். இனி அந்த நோய் வருவதென்றால் கப்பலிலோ விமானத்திலோதான் வந்தாக வேண்டும். நம் நாட்டில் அது இன்னும் ஒழியவில்லை. ஆகவே இந்தியாவிலிருந்து வரும் நாயை அவர்கள் உற்றுப் பார்ப்பதில் வியப்பில்லை.

வெறிநோய் வைரஸ் ஒரு விந்தையான பயணி. வெறிநாயின் உமிழ்நீர் வழியே கடிவாயில் நுழைகிறது. மற்றப் பல கிருமிகளைப் போல இரத்தத்தில் பரவுவதில்லை. தசையிலிருந்து நரம்பு நுனிக்குள் புகுந்து, நரம்பின் வழியாகவே மெல்ல மெல்லத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. கடி முகத்தில் பட்டால் தூரம் குறைவு. காலில் பட்டால் அதிகம். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். அதுவரை நாய் நன்றாகச் சாப்பிடும், வாலை ஆட்டும், பந்தைத் துரத்தும். நரம்புக்குள் ஒளிந்து செல்லும் வைரஸை உடலின் காவல் படை கவனிப்பதே இல்லை. அந்த நிலையில் உயிருள்ள நாயைச் சோதித்து வைரஸைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி கிடையாது. நோய்க் குறிகள் தோன்றிவிட்டாலோ, மருந்தும் கிடையாது.

அப்படியானால் ஜப்பான்காரர்கள் இரத்தத்தை எடுத்து எதைத்தான் சோதிக்கிறார்கள்? வைரஸை அல்ல, தடுப்பூசியால் உண்டான எதிர்ப்பொருளை. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். இருந்தால், தடுப்பூசி பலித்துவிட்டது. இனி கடிபட்டாலும் நோய் பற்றாது என்று நம்பலாம். ஆனால் ஊசி போடுவதற்கு முன்பே அந்த நாய் கடிபட்டிருந்தால்? எதிர்ப்பொருளும் இருக்கும், நரம்புக்குள் வைரஸும் ஏறிக்கொண்டிருக்கும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் இரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள். முன்பே நுழைந்த வைரஸ் இருந்தால் அதற்குள் அநேகமாக வெளிப்பட்டுவிடும்.

வெறுமனே காத்திருப்பது மட்டும் போதாது என்பதைப் பிரிட்டன் நேரில் கண்டது. அங்கே வெளிநாட்டு நாய்களை ஆறு மாதம் தனிக் கொட்டடியில் அடைத்து வைப்பார்கள். 1969-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு நாய் அந்தக் காவல் முடிந்து வெளியே வந்த சில நாட்களிலேயே வெறிநோய்க்கு ஆளாயிற்று. 2000-ஆம் ஆண்டு முதல், குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்குக் கொட்டடிக்குப் பதில் சில்லு, தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை என்ற முறை அங்கேயும் வந்தது.

ஜப்பான் விதியில் ஒரு நல்ல அம்சம், அந்த 180 நாளையும் நாய் உங்கள் வீட்டிலேயே கழிக்கலாம். அவசரப்பட்டு முன்னதாகக் கொண்டுபோனால் மீதி நாட்கள் அங்கே விமான நிலையத்தையோ துறைமுகத்தையோ சேர்ந்த காவலில்தான், செலவும் உங்களுடையது.

இனி வரிசையைக் கவனியுங்கள். முதலில் மைக்ரோசிப் என்னும் சில்லு. பிறகு தடுப்பூசி, நாய்க்குப் பிறந்து 91 நாளாவது ஆகியிருக்க வேண்டும். குறைந்தது 30 நாள் கழித்து, முதல் ஊசியின் காலக்கெடு முடிவதற்குள், இரண்டாவது ஊசி. அதன் பிறகே இரத்தம். சில்லு பொருத்துவதற்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமே!

இந்தச் சில்லு ஒரு பெரிய அரிசி மணி அளவே இருக்கும். கண்ணாடிக் குப்பிக்குள் அடைத்து, கழுத்துத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். உள்ளே பாட்டரி கிடையாது. டிரான்ஸ்பார்மரில் ஒரு சுருளில் ஓடும் மாறுமின்னோட்டம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்று படித்திருப்பீர்களே, அதே தத்துவம்தான். படிக்கும் கருவியை அருகில் கொண்டுவந்தால், அதன் அலை சில்லின் கம்பிச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. சில்லு கணநேரம் விழித்துத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தொலைந்த நாய் எங்கே இருக்கிறது என்று இது காட்டிக்கொடுக்கும் எனச் சிலர் நினைக்கிறார்கள், காட்டாது.

காத்திருக்கும் மாதங்களை வீணாக்க வேண்டாம். பயணக் கூண்டை முன்பே வாங்கி, கதவைத் திறந்தபடி வீட்டில் வையுங்கள். நாய் அதற்குள் நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். அதிலேயே சோறு வைத்தால் சில வாரங்களில் அது தன் அறை என்று எண்ணிக்கொள்ளும். விமானத்தின் சரக்கறையில் மூச்சு முட்டுமோ என்று பயப்படுவார்கள். உயிர்ப் பிராணிகளை ஏற்றும் அறையிலும் பயணிகள் இருக்கும் பகுதியின் அதே காற்றழுத்தம்தான், ஏறக்குறைய ஊட்டி மலையில் இருப்பதைப் போல. ஆனால் தூக்க மருந்து மட்டும் கொடுக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். கூண்டு ஆடும்போது நாய் தன்னைச் சமாளித்துக்கொள்ள முடியாது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து கூடுதல். நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மூச்சுப்பாதை குறுகலாக இருந்தால் அது சரிவர நடக்காது. இதனால்தான் பல விமானக் கம்பெனிகள் அவற்றை ஏற்றிக்கொள்வதில்லை.

ஜப்பானில் இறங்குவதற்கு 40 நாள் முன்னதாக அங்குள்ள விலங்குத் தடைகாப்பு நிலையத்துக்குத் தகவல் தர வேண்டும். புறப்படும் முன் 10 நாட்களுக்குள் மருத்துவரின் உடல் பரிசோதனை, நம் அரசின் சான்றிதழ். எல்லாம் சரியாக இருந்தால் அங்கே 12 மணி நேரத்துக்குள் சோதனை முடிந்து நாய் உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த 30 நாட்களுக்குள் நீங்கள் குடியேறிய ஊரின் நகராட்சியில் அதன் பெயரையும் பதிவு செய்துவிட வேண்டும்.