கடாரத்தில் ஓடாத ‘கடாரம் கொண்டான்’

2019 ஜூலையில் விக்ரம் நடித்த ‘கடாரம் கொண்டான்’ வெளியானது. கதை நடப்பது கோலாலம்பூரில். தலைப்பில் இருப்பது நம் கெடா. ஆனால் கெடாவில் மட்டுமில்லை, நாட்டில் எந்தத் திரையரங்கிலும் அந்தப் படம் ஓடவில்லை. நம் போலீசாரைத் தவறாகக் காட்டுகிறது என்பதால் தணிக்கையில் அனுமதி கிடைக்கவில்லை. “ஊர்ப் பேரை எடுத்துக்கிட்டாங்க, ஊருக்குப் படத்தைக் காட்டலை” என்றார் சுங்கைப்பட்டாணி நண்பர் ஒருவர்.

தமிழ் சினிமாவுக்கும் நமக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

நான் விமர்சகன் இல்லை. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ படம், வேலை முடிந்து வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து ஒரு தொடர், அவ்வளவுதான். கேமரா கோணம், ஒளிப்பதிவு பற்றியெல்லாம் எனக்குப் பேசத் தெரியாது. படம் பார்க்கும்போது என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: இதில் நாம் எங்கே இருக்கிறோம்?

நம் நாட்டில் எடுத்த படங்கள் என்று கணக்குப் பார்த்தால் பட்டியல் நீளும். அஜித்தின் ‘பில்லா’ பத்துமலைக்கு வந்தது. விஜய்யின் ‘குருவி’, சூர்யாவின் ‘அயன்’, விக்ரமின் ‘இருமுகன்’ எல்லாம் இங்கே வந்து போயின. கெடாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 2023 தொடக்கத்தில் ‘பிச்சைக்காரன் 2’ படப்பிடிப்புக்காக விஜய் ஆண்டனி லங்காவிக்கு வந்தார். அங்கே நடந்த விபத்தில் அவருக்கு அடிபட்டதால்தான் பலருக்கு அந்தச் செய்தியே தெரிந்தது. இவற்றில் தெரியும் மலேசியா எது? இரட்டைக் கோபுரம், நெடுஞ்சாலை, கடற்கரை, துப்பாக்கியோடு கோட்டு சூட்டுப் போட்ட வில்லன். பாடாங் செராயில் இருந்து விடிகாலை நான்கு மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறும் அக்காக்களுக்கு அந்த நாட்டில் இடமில்லை.

‘கபாலி’யை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும். 2016 ஜூலையில் அது வந்தபோது தீபாவளி முன்கூட்டியே வந்ததுபோல் இருந்தது. மலாய்மொழியிலும் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். என்னோடு வேலை செய்யும் மலாய் நண்பர்கள் தங்கள் மொழியில் ரஜினி பேசுவதைக் கேட்கப் போனார்கள். முடிவு மட்டும் நமக்கு வேறு: கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று சொல்லி முடித்தார்கள். கெட்டவன் தண்டனை பெறாமல் படம் முடியக்கூடாது என்பது நம் தணிக்கையின் பழைய நியாயம். தமிழ்நாட்டில் இருக்கும் என் சிற்றப்பா மகன் தொலைபேசியில் முடிவைப் பற்றி மாய்ந்து மாய்ந்து பேசினான். இரண்டு பேரும் இரண்டு வேறு படம் பார்த்திருக்கிறோம் என்று புரிய ஐந்து நிமிடம் ஆனது.

படத்தில் குண்டர் கும்பல் சண்டை எனக்கு அலுப்புத்தான் தந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சமமான கூலி கேட்டு நாசரும் ரஜினியும் நிற்கும் அந்தப் பழைய நாள் காட்சிகள் வந்தபோது பக்கத்து இருக்கையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுவரை அவர் கவனம் முறுக்குப் பொட்டலத்தில்தான் இருந்தது. அந்தக் காட்சிகள் சீக்கிரமே முடிந்துவிட்டன. மறுபடி துப்பாக்கி. மறுபடி முறுக்கு.

அம்மா சினிமா பார்த்து வளர்ந்தது தோட்டத்துத் திடலில். இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத்துணி கட்டுவார்கள். பிரட்டுக்கு எழுந்து, பால் வெட்டி, மங்கு கழுவி, வீட்டு வேலையும் முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போவார்களாம். முன்பக்கம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் நாற்காலி. அந்த நாற்காலியை அம்மா இன்னும் மறக்கவில்லை. எந்தப் படம் என்று கேட்டால் பெயர் வராது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது அச்சுப் பிசகாமல் வரும்.

பிறகு வீடியோ கேசட் வந்தது. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி வாங்கினால் பத்து வீடு அங்கே கூடியது. 1996இல் ஆஸ்ட்ரோ தொடங்கிய பிறகு தட்டு வைத்த வீடுகள் பெருகி, அவரவர் வீட்டில் அவரவர் படம் என்று ஆனது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் தோட்டங்களும் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. ஒரே லயத்தில் இருந்தவர்கள் சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பினாங்குப் பெருநிலம் என்று சிதறினார்கள்.

சிதறிய பிறகு அவர்களைச் சேர்த்து வைத்தது எது என்று கேட்டால், சிரிக்காதீர்கள், ‘மெட்டி ஒலி’ என்பேன். 2002இல் இருந்து 2005 வரை ஓடிய தொடர். ஐந்து பெண்களைப் பெற்ற அப்பா. அம்மாவும் அவருடைய பழைய தோட்டத்துத் தோழிகளும் வேறு வேறு தாமான்களில் இருந்துகொண்டு அதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தொலைபேசியில் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு மெல்ல நழுவி யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதில் போய் நிற்கும். மெகா தொடர் என்றாலே அழுகை, சூழ்ச்சி என்று கேலி செய்யும் இளைஞர்களிடம் நான் வாதாட மாட்டேன். இப்போது வருபவற்றில் பாதி அப்படித்தான். ஒரே காட்சியில் மூன்று முறை இடி இடிக்கிறது. ஆனால் ‘மெட்டி ஒலி’ வீட்டுக்குள் நடப்பதைத்தான் காட்டியது.

தோட்டத்தைக் காட்டிய படங்களுக்கு வருகிறேன். பாலாவின் ‘பரதேசி’ 2013இல் வந்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துக்கொண்டு போகும் கங்காணியின் கதை. நம் பாட்டன்மாரும் பலர் அப்படிக் கங்காணியின் வார்த்தையை நம்பிக் கப்பல் ஏறியவர்கள்தான். 1938இல் இந்திய அரசு தடுக்கும் வரை அந்த ஆள்பிடிப்பு நடந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். பாதியில் அம்மா எழுந்து போய்விட்டார். “அடி வாங்கினோம், இல்லைன்னு சொல்லலை. ஆனா சிரிக்கவே இல்லையா நாங்க?” என்றார். என் கருத்தும் அதுதான். தீமிதித் திருவிழாவும் காற்பந்தும் திடலில் படமும் இருந்த வாழ்க்கை அது. வெறும் சாட்டையை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

2018இல் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். தேனிப் பக்கத்து மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குச் சொந்தமாய்க் கொஞ்சம் நிலம் வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கடைசியில் ஒரு காலத்தில் தன்னுடையதாக இருந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கிறான். மலேசியாவின் ஒரு மரம்கூட அந்தப் படத்தில் இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் நம் கெடாவுக்கு மிக நெருக்கமான படம் அதுதான். தான் பால் வெட்டிய இடத்தில் எழும்பிய தாமானின் வாசலில், சீருடை மாட்டிக்கொண்டு தடுப்புக்கட்டையைத் தூக்கிவிடும் பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலர் நமக்கு மாமா, பெரியப்பா முறை.

நம் ஆட்கள் எடுத்த படங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 2005இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’. ரப்பர் தோட்டத்துப் பெண் பல்கலைக்கழகம் போக ஆசைப்படுகிறாள். மெதுவாகப் போகும் படம், கொஞ்சம் பொறுமை வேண்டும். அடுத்தது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’, 2015 டிசம்பரில் வந்தது. தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய குடும்பம். 1990களின் தொடக்கம். பன்னிரண்டு வயது அப்போய் புத்திசாலி, குறும்புக்காரன். மகன் படிக்க வேண்டும் என்று அப்பா அடிக்கிறார். அடிக்க அடிக்கப் பையன் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா பக்கம் சாய்கிறான். ‘கபாலி’ விட்ட இடம் இதுதான். ஒரு பையன் எப்படி அந்தப் பக்கம் போகிறான் என்பதை ஒரு துப்பாக்கிச் சண்டையும் இல்லாமல் காட்டிவிட்டார்கள். பேச்சும் நம் பேச்சு, நடுநடுவே மலாய்ச் சொல் கலந்து. தலைப்பே மலாயிலிருந்து நம் வாய்க்குள் வந்து உருமாறிய சொல்தானே!

அந்தப் படம் 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை வாங்கியது. அந்த வருடம் மலாய்ப் படங்களுக்கும் மற்ற மொழிப் படங்களுக்கும் தனித்தனிப் பிரிவு என்று முதலில் பிரித்து, மலாய்த் திரைக்கலைஞர்களே எதிர்ப்புத் தெரிவித்த பிறகு மாற்றினார்கள். இத்தனை பெரிய கௌரவம் ஒரு தமிழ்ப் படத்துக்கு. ஆனால் நான் ‘ஜகாட்’ பார்த்த அன்று கொட்டகையில் ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். ஏழு மாதம் கழித்து ‘கபாலி’க்கு அதே கொட்டகையில் விடிகாலைக் காட்சிக்கே இடமில்லை.

உள்ளூர்ப் படம் என்றால் தரம் இருக்காது என்ற சந்தேகத்தை நான் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் கதாநாயகன் மாதிரியே நடந்து, மதுரைத் தமிழ் மாதிரியே பேச முயலும் உள்ளூர்ப் படங்களைப் பார்த்து நெளிந்திருக்கிறேன். அதற்குச் சென்னைப் படத்தையே பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் முதல் மூன்று நாளில் கூட்டம் இல்லையென்றால் படத்தைத் தூக்கிவிடுவார்கள். நல்லதா கெட்டதா என்று விசாரித்து நாம் கிளம்புவதற்குள் அது போய்விடுகிறது.

கதைக்குப் பஞ்சமா? 1946இல் பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தொடங்கிய தொண்டர் படையை எடுத்துக்கொள்ளுங்கள். கூலியெல்லாம் கள்ளுக்கடைக்குப் போவதைத் தடுக்கத் தோட்டத்து இளைஞர்கள் திரண்டு மறியல் செய்தார்கள். 1947இல் போலீசோடு மோதல், உயிர்ப்பலி வரை போனது. கதாநாயகன், வில்லன், மக்கள் கூட்டம் எல்லாம் தயாராக இருக்கின்றன. நம் சுங்கைப்பட்டாணி எழுத்தாளர் சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டத்து மக்களின் பேச்சு அப்படியே பதிவாகியிருக்கிறது. 2017இல் அவருக்கு விஷ்ணுபுரம் விருது கொடுத்துத் தமிழ்நாடு கௌரவித்தது. அதைப் படமாக்க யாராவது அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் நான் இரண்டு டிக்கெட் இப்போதே எடுத்து வைக்கத் தயார்.

அக்காள் மகன் ஒருவன் கோலாலம்பூரில் படத்தொழில் படிக்கிறான். இறுதியாண்டுக் குறும்படத்துக்குத் தொண்டர் படையைத்தான் எடுத்திருக்கிறான். கையில் காசில்லை, காமிரா இரவல். “மாமா, எங்கயாச்சும் லயம் இன்னும் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமை அவனை ஏற்றிக்கொண்டு பீடோங்கில் இருந்து குரூண் வரை செம்மண் சடக்குகளில் சுற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு வரிசை வீடு கிடைத்தது. தகரக்கூரை, வாசலில் கறிவேப்பிலைச் செடி, ஆறு வீட்டில் இரண்டில் மட்டும் ஆள். எல்லாவற்றையும் பையன் விளக்கிச் சொன்னான். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி கடைசி வரை கேட்டுவிட்டு, “கள்ளுக்கடை மறியலா? எங்கப்பா போனாரே! உக்காரு, சொல்றேன்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “சம்பளம் உண்டா, இல்ல சும்மா நின்னுட்டுப் போகணுமா?” என்று கேட்டார்.

உண்டு என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் படப்பிடிப்பு.